அப்பா எழுதிய மன்னிப்புக் கடிதம்

1

எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் வருடத்துக்கு மூன்று விழா நடக்கும். பொங்கல், சித்திரை, அப்புறம் ஒரு சொற்பொழிவு. முதல் இரண்டிலும் சாப்பாடு நன்றாக இருப்பதால் மூன்றாவதற்கும் ஆள் வந்துவிடுகிறது. இந்த முறை தலைப்பு, பெற்றோரின் வளர்ப்பு முறையும் இளைஞரின் ஆளுமையும். பேசியவர் வேறு ஏதோ நாட்டிலிருந்து திரையில் தோன்றினார். நான்கு கட்டம் போட்ட ஒரு படத்தைக் காட்டினார். கண்டிப்பு மட்டும் காட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டம், செல்லம் மட்டும் கொடுக்கிறவர்களுக்கு ஒரு கட்டம், கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு கட்டம். கண்டிப்பையும் அன்பையும் அளவாகக் கலந்து, எதற்கும் காரணம் சொல்லி வளர்க்கிற உத்தமர்களுக்கு நாலாவது. "நீங்கள் எந்தக் கட்டம்? கை தூக்குங்கள்" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை அப்பா அம்மாவும் நாலாவது கட்டத்துக்குத் தூக்கினார்கள். அதில் ஒருவர், மிச்சமிருந்த கையால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயது மகளின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வளர்க்கப்பட்டவன் என்ற தகுதியில் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பரளச்சியில் பருத்தியும் குதிரைவாலியும் போடுகிற எங்கள் ஐயா, அதாவது என் அப்பா, எந்தக் கட்டத்தில் வருவார் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்கு முறை என்று ஒன்று கிடையாது. மழை பெய்தால் பேசுவார், பெய்யாவிட்டால் பேசமாட்டார். எங்கள் பக்கம் எவ்வளவு மழை பெய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

பேசியவர் கடைசியில் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னார். எழுதியது அவரேதான்.

2

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் எஞ்சினியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதை இங்கே யாரிடம் சொன்னாலும், "ஓ, சுவாரசியம்" என்கிறார்கள். ரொட்டி நன்றாக வெந்திருக்கிறது என்பதையும் அதே குரலில்தான் சொல்வார்கள்.

இங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் ஐயாவின் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே வங்கியில், ஆஸ்பத்திரியில், வெளிநாட்டவர் அலுவலகத்தில், எல்லா இடத்திலும் நான் திரு. முத்துக்கருப்பன். எழுத்தே தெரியாத முத்துக்கருப்பனுக்கு மாதம் பத்துக் கடிதம் வருகிறது, அத்தனையும் ஜெர்மன் மொழியில். விசா நீட்டிக்கப் போனபோது அங்கே இருந்த பெண் கேட்டாள்: திரு. முத்துக்கருப்பன், உங்கள் தந்தையின் பெயர் என்ன? முத்துக்கருப்பன் என்றேன். அது உங்கள் பெயரல்லவா என்றாள். ஆமாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

என் குழுத் தலைவர் மார்ட்டினுக்கு நான்கு வயதில் ஒரு மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பூங்காவுக்குப் போகக் கிளம்பினேன். சிவப்புச் செருப்பா, நீலச் செருப்பா என்று மகளிடம் கேட்டார். அவள் யோசித்தாள். அவரும் தரையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து யோசித்தார். இரண்டு டிராம் போய்விட்டது. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு மணி நேரத்தில் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பார். கடைசியில் அவள் செருப்பே வேண்டாம் என்றாள். குளிர் எட்டு டிகிரி. அதற்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, செருப்பும் ஒரு சோடிதான் இருக்கும்.

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அதே மார்ட்டின் ஒரு இயந்திரத்தில் சென்சாரை இடம் மாற்றி மாட்டச் சொன்னபோது, அது தப்பு என்று எனக்குத் தெரியும். மாட்டினேன். வாங்க வந்தவர்கள் முன்னால் இயந்திரம் அரை நாள் நின்றுபோனது. உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். நீங்கள் பெரியவர் என்றேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட. சிரிப்பதற்கு அன்று அவருக்கும் கொஞ்சம் கிடைத்தது.

3

பாலாஜி அருப்புக்கோட்டைப் பையன். இங்கே பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படிக்க வந்தவன், வயது இருபத்து மூன்று. பவர்லூம் வைத்திருக்கும் நாகராஜ் அண்ணாச்சிக்கு ஒரே மகன். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். நம் ஊர்க்காரன் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் வந்து இறங்கிய அன்று அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு, தம்பி, பையன் சாப்பிட்டானா என்று கேட்டார். பையன் என் பக்கத்தில்தான் நின்றான், கையில் அவன் போனும் இருந்தது.

படிப்பைத் தேர்ந்தெடுத்தது அண்ணாச்சி. விண்ணப்பம் நிரப்பியது அண்ணாச்சி. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருந்தது. ஊரில் பொழுது முன்னால் விடிவதால், மகன் எழுவதற்குள் அவனுக்கு வந்த கடிதத்தை எல்லாம் படித்துவிட்டு, "பத்து மணிக்கு லேப் இருக்கு, ஸ்வெட்டர் போட்டுட்டுப் போ" என்று செய்தி அனுப்பிவிடுவார். குக்கர் எத்தனை விசில் விட வேண்டும் என்பதை அம்மா வீடியோவில் எண்ணிச் சொல்வார். அந்தப் பையன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நல்ல பையன் என்று ஊரில் சொல்வார்களே, அந்த நல்ல பையன். எது கேட்டாலும் சரிண்ணே. என்ன வேணும் என்று கேட்டால் எதுனாலும் சரிண்ணே.

ஐயா என்னை அடித்து வளர்த்தார். அண்ணாச்சி அவனை ஊட்டி வளர்த்தார். சங்கத்துப் படத்தில் இரண்டு பேரும் வேறு வேறு கட்டம். ஆனால் வளர்ந்து நின்ற இரண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை.

ஆய்வகத்தில் பாலாஜியோடு சோடி சேர்ந்திருந்த மாணவன் ஒருவன், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவனுடைய அறிக்கையைக் கேட்டிருக்கிறான். இவன் வழக்கப்படி சரி என்று அனுப்பிவிட்டான். அவன் முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி, அப்படியே கொடுத்துவிட்டான். இரண்டு அறிக்கையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பல்கலைக்கழகம் இரண்டு பேருக்கும் தனித்தனியே மின்னஞ்சலில் கடிதம் அனுப்பியது. எழுத்தில் விளக்கம் கொடுங்கள், பிறகு விசாரணைக்கு நேரில் வாருங்கள். காப்பி அடித்தது உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். படிப்புப் போனால் விசா போகும், விசா போனால் அருப்புக்கோட்டை.

அந்தக் கடிதத்தை அண்ணாச்சி முதலில் படித்தார். மகன் பயந்துவிடுவான் என்று அவனிடம் சொல்லவில்லை, அவன் கண்ணில் படாமல் அதை அழித்தும்விட்டார். மகன் எழுதுவது போலவே, மகன் பெயரில், மகன் கணக்கிலிருந்து அவரே பதிலும் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து விசாரணைத் தேதியோடு தபாலில் கடிதம் வந்தபோது, கூடவே "உங்கள் விளக்கம்" என்று அதன் நகலும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பாலாஜி என் அறைக்கு வந்தான். வாங்கிப் படித்தேன். நம் ஊர் நடையில் அழகான ஆங்கிலம். நான் அறியாமல் செய்த பிழையைப் பெரிய மனது வைத்துப் பொறுத்தருள வேண்டுகிறேன், இனி ஒருபோதும் இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, அவன் காப்பி அடிக்கவே இல்லையே."

"அது எனக்குத் தெரியாதா தம்பி? எம் மகன நான் அப்பிடியா வளத்துருக்கேன்?"

"அப்ப எதுக்கு மன்னிப்பு எழுதுனீங்க?"

"அவுக பெரிய படிப்புப் படிச்சவுக. சந்தேகப்பட்டு ஒரு லெட்டரு போட்டுட்டாக. நாம மொதல்ல ஒரு மன்னிப்ப எழுதிக் குடுத்துட்டா அவுகளுக்கும் மனசு எறங்கிரும். தப்பு பண்ணுனமா பண்ணலையாங்கிறதெல்லாம் பொறகு பேசிக்கிடலாம்."

இங்கே பொறகு என்று ஒன்று கிடையாது, எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று சொல்லிப் பார்த்தேன். அதெப்படி, மன்னிப்புக் கேட்டவனை யாராவது தண்டிப்பார்களா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பின்னால் தறிச் சத்தம். கத்திப் பேசியே பழகியவர் என்பதால், அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றிவிட்டது.

4

நம் பக்கம் கல்லூரி போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாமதமாக வந்தாலும், முடி வளர்த்தாலும், கேள்வி கேட்டாலும் மருந்து ஒன்றுதான். மன்னிப்புக் கடிதம், அதில் அப்பாவின் கையெழுத்து.

முதல் வருடம் கணக்கு வாத்தியார் போர்டில் போட்ட விடை தப்பு என்று எழுந்து சொன்னேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். பருத்தி எடுக்கிற நேரம். ஐயா ஆட்களைக் காட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். துறைத் தலைவர் அறையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தன. உட்காருங்கள் என்று அவரும் சொல்லவில்லை, ஐயாவும் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. "எதுத்துப் பேசுனியாலே?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். பதில் சொல்வதற்குள் ஓங்கி ஓர் அறை. துறைத் தலைவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கடிதத்தில் ஐயா கைநாட்டு வைத்தார். வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். போர்டில் போட்டிருந்தது தப்பா சரியா என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை.

அடுத்த தடவை வருகைப் பதிவு குறைந்து கூப்பிட்டபோது நான் ஐயாவிடம் சொல்லவே இல்லை. எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவரை அப்பாவாகக் கூட்டிப் போனேன். பாதிப் பேர் அப்படித்தான் செய்தோம். டீக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று எங்கள் கல்லூரி வாசலில் அப்பாமார்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆட்டோக்காரர் உள்ளே போனதும் கும்பிட்டார், கண்ணீர் விட்டார், தாயில்லாப் பிள்ளைங்கய்யா என்றார். என் அம்மா அந்த நேரம் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். துறைத் தலைவர் உருகிப்போய் அவரை உட்கார வைத்து டீ வரவழைத்தார். வேஷம் அதோடு முடியவில்லை. திரும்பும்போது ஆட்டோவில், "ஏலே, இனிமேயாச்சும் ஒழுங்காப் படி, அப்பன் பேரக் கெடுக்காத" என்று எனக்கு ஊர் வரை புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

வந்தது யாருடைய அப்பா என்பது கல்லூரிக்கு ஒரு பொருட்டே இல்லை. யாரோ ஒருவர் வந்து குனிய வேண்டும், அவ்வளவுதான். இப்படி நான்கு வருடம் பழக்கி அனுப்பிவிட்டு, எங்கள் மாணவர்கள் உலகமெங்கும் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள் என்று வாசலில் விளம்பரத் தட்டி வைத்திருக்கிறார்கள். போன முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன். அதில் என் படமும் இருந்தது.

5

விசாரணைக் கடிதத்தில், நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்று ஒரு வரி இருந்தது. வேண்டுமானால் வக்கீலைக் கூட்டி வா என்பதை மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். அருப்புக்கோட்டையில் அது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று படிக்கப்பட்டது. தம்பி, என் இடத்தில் நீங்கள் போங்கள் என்றார் அண்ணாச்சி. ஆட்டோக்காரரை நினைத்துக்கொண்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரிங்கண்ணாச்சி என்றேன்.

முந்தின நாள் பூராவும் பாலாஜிக்கு நான்கு வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்தேன். நான் காப்பி அடிக்கவில்லை. கேட்டான், அனுப்பினேன். என் பழைய வரைவுகள் தேதியோடு இருக்கின்றன, பாருங்கள். அந்தக் கடிதத்தை எழுதியது நான் இல்லை, என் அப்பா. முதல் மூன்றும் சுமாராக வந்தன. நாலாவது வாக்கியத்துக்கு வரும்போதெல்லாம் நின்றுவிடுவான்.

"அண்ணே, அத மட்டும் விட்டுருவமா?"

"ஏலே, அதத்தான்லே மொதல்ல சொல்லணும். அந்த லெட்டரு உன்னோடதுன்னு ஆயிருச்சுன்னா மத்த மூணையும் எவன் நம்புவான்?"

சரிண்ணே என்றான். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாதா?

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். பேராசிரியர், குறிப்பெடுக்கும் பெண், மாணவர் பிரதிநிதியாக ஒரு பையன். அவனுக்கும் பாலாஜி வயதுதான் இருக்கும். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். நாலு வயதில் செருப்பைத் தேர்ந்தெடுக்க விட்டால் இருபத்து மூன்றில் இப்படித்தான் உட்காருவார்கள் போல. பாலாஜியோ, அவர்கள் மூன்று தடவை உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். கையைக் கட்டிக்கொண்டான், தலையைக் குனிந்துகொண்டான். நம் ஊரில் அதைப் பார்த்தால் பாதித் தண்டனை குறையும். இங்கே குறிப்பெடுக்கும் பெண் உடனே ஏதோ எழுதினாள்.

என்ன நடந்தது என்று பேராசிரியர் பாலாஜியைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். அவன் நல்ல பையன், யாரையும் ஏமாற்றமாட்டான் என்று நான் சொன்னேன். அறிக்கையை ஏன் அனுப்பினாய் என்று அவனிடம் கேட்டார். கேட்டால் மறுக்கத் தெரியாது, எங்கள் பக்கம் வளர்ப்பு அப்படி என்று நான் சொன்னேன். என் ஜெர்மன் அன்றைக்கு வழக்கத்தை விட நன்றாக வந்தது. பேராசிரியர் மன்னிப்புக் கடிதத்தைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார். அதற்கும் நான் வாயைத் திறந்தேன்.

"திரு. முத்துக்கருப்பன், நான் உங்களைக் கேட்கவில்லை" என்றார் அவர். "தயவுசெய்து வெளியே காத்திருங்கள்."

என்னைவிடத் தலையை அதிகம் குனிந்துகொண்டு அந்த அறையிலிருந்து யாரும் போயிருக்க முடியாது.

6

வெளியே நாற்பது நிமிஷம் நின்றேன். அண்ணாச்சி ஐந்து தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. உள்ளே நாலாவது வாக்கியம் வந்திருக்குமா, வந்திருக்குமா என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மாணவர் பிரதிநிதியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

பாலாஜி வந்தான். முகம் வெளுத்திருந்தது. படிப்பிலிருந்து நீக்கவில்லை என்றான். அறிக்கையை அடுத்தவனுக்குக் கொடுத்ததற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த ஆய்வகப் பாடத்தை மட்டும் மறுபடி செய்ய வேண்டும்.

"அப்பா எழுதுனதுன்னு சொன்னியாலே?"

"இல்லண்ணே. நான்தான் எழுதுனேன்னு சொன்னேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முட்டாப்பயலே, அவர் எழுதிய பொய்யை நீ ஏன்லே சுமக்கிறாய் என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தே பேசினான்.

"எங்கப்பாவ அவுக முன்னாடி வச்சு விட்டுக்குடுக்க எனக்கு முடியல. ஆனா காப்பி அடிக்கலன்னு சொன்னேன். வரைவு பூராத்தையும் தொறந்து தேதியோட காட்டுனேன். அடிக்காதவன் எதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு கேட்டாரு. எங்க ஊர்ல முதல்ல மன்னிப்பு, பொறகுதான் விசாரணைன்னு சொன்னேன். அந்தப் பையன் சிரிச்சான். நீங்க இருந்திருந்தா என்னய இதச் சொல்ல விட்டுருக்க மாட்டீங்கண்ணே."

விட்டிருக்கமாட்டேன்தான். நான்கு வாக்கியத்தை நான் சொல்லிக் கொடுத்தேன், அவன் ஐந்தாவதைச் சொல்லித் தப்பித்திருக்கிறான்.

என் போன் மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். வெளி ஆள் நானும் கேட்டுக்கொண்டிருந்ததால் அண்ணாச்சி மகனிடமும் தமிழிலேயே பேசினார். நடந்ததைப் பாலாஜி இரண்டு வரியில் சொன்னான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பாத்தீகளா தம்பி?" என்றார் அண்ணாச்சி. சந்தோஷத்தில் குரல் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "நான் சொல்லல? அந்த லெட்டருதான் எம் மகனக் காப்பாத்தியிருக்கு. பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். நன்றி சொல்லி இன்னைக்கே இன்னொரு லெட்டரு போட்டுர்றேன்."

"போடாதீகப்பா" என்றான் பாலாஜி.

அதை அவன் தெலுங்கில் சொல்லியிருக்கலாம், எனக்குப் புரிந்திருக்காது. தமிழில் சொன்னான். அண்ணாச்சி, மகனிடம் இல்லை, என்னிடம் கேட்டார்.

"தம்பி, இவன் என்ன சொல்றான்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பையன் களைத்திருக்கிறான், பயந்திருக்கிறான், அப்புறம் பேசுவான், இப்படி நாலைந்து.

"அவன்ட்டயே கேளுங்கண்ணாச்சி" என்று சொல்லி, போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் பேச்சுக் காதில் விழாத தூரத்துக்கு நடந்து போனேன்.